அத்தை கண்டிக்குப் போன வருசம்

நம் வயதுக்காரர்கள் கூடினால் அந்த வருசத்தைத் தண்ணீர் வந்த வருசம் என்றே சொல்கிறோம். மேலே மலையில் அணை கட்டி முடித்து, மலையைக் குடைந்து, மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றை நம் பக்கம் திருப்பிவிட்ட வருசம். கலங்கலாய் முதல் தண்ணீர் இறங்கி வந்ததைப் பார்க்க உங்களில் பலரும் கரையில் நின்றிருப்பீர்கள். நானும் நின்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் என் அத்தை. எனக்கு அது அத்தை கண்டிக்குப் போன வருசம். கண்டி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஓர் ஊர். அப்போது நமக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த தீவு முழுவதற்கும் அதுதான் பெயர்.

அத்தை என் அப்பாவின் தங்கை. அப்பாவை நாங்கள் அய்யா என்போம். கல்யாணமான மறு வருசமே புருசனை வாந்திபேதிக்குப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். மலையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் சுண்ணாம்புக் கூடை சுமக்கப் போனாள். அங்கே மழை, அட்டை, மலைக்காய்ச்சல். அவளும் காய்ச்சலில் விழுந்து, கேம்ப் ஆசுபத்திரி என்ற தகரக் கொட்டகையில் கிடந்தாள். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் பக்கத்துப் பாயில் கிடந்தவளுக்குக் கஞ்சி ஊற்றினாள். பிறகு அதற்கு அடுத்த பாய். வெள்ளைக்கார டாக்டர் துரைக்குக் கூலிப் பெண்களின் பேச்சு புரியவில்லை. புண் கட்டி மருந்து கொடுக்கிற டிரெசருக்குப் பேச்சு புரிந்தது. ஆனால் ஆம்பிளை என்று அந்தப் பெண்கள் அவரை அண்டவிடவில்லை. நடுவில் அத்தை நின்றாள். கூடை தூக்கப் போனவள் அந்தக் கொட்டகையிலேயே தங்கி, கட்டுப் போடவும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுக்கவும் பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

அணை வேலை முடிய இரண்டு மூன்று வருசம் இருக்கையில் அவள் கீழே இறங்கி வந்தபோது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தாள். அதில் இருந்த கத்திரிக்கோல், மடித்த ரப்பர் துணி, வரிவரியாய்ச் செதுக்கின தவிட்டு நிறக் கண்ணாடிப் புட்டி எல்லாம் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. அந்தப் புட்டி மருந்தில் தார் காய்ச்சினது போல ஒரு வாடை. பிரசவத்துக்குப் போகிற வீட்டில் முதலில் வெந்நீர் கேட்பாள். அதில் அந்த மருந்தைச் சொட்டுவிட்டு முழங்கை வரைக்கும் கழுவுவாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். "பிள்ள பெறப் போறது அவளா, நீயா? இந்தத் தேய் தேய்க்கிற?" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவள் கழுவி முடிக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டாள்.

அதற்கு முன் நம் ஊரில் கருக்கரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து, சாணிச் சாம்பல் வைப்பார்கள். பிறந்த வாரமே பிள்ளைகள் வலிப்பு கண்டு விறைத்துப் போகும். பேய் அடித்துவிட்டது என்பார்கள். என் அம்மா அப்படி இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள். அத்தை வந்த பிறகு ஊரில் அந்த வலிப்பு அபூர்வமாகிவிட்டது. ஆனாலும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்று யாரும் அவளை அழைத்ததில்லை. மாதா கோவிலில் வேதம் படித்தாலும் தாலியறுத்தவள் எதிரில் வரக் கூடாது என்பது மட்டும் நம் சனங்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பிள்ளையை முதலில் கையில் வாங்கினவளே அவள்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிரசவம் பார்த்த வீடுகளில் கம்போ சோளமோ கொடுப்பார்கள். அது எங்கள் வீட்டுக் குதிருக்குள் போகும். தங்கைக்குச் சோறு போட்டுக் காப்பாற்றுவதாக அய்யா கடைசி வரைக்கும் நம்பினார். மழை பொய்த்த அந்த வருசங்களில் நாங்கள் யாருடைய உழைப்பில் சாப்பிட்டோம் என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

தண்ணீர் வந்து, நாலாபக்கமும் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த சமயத்தில் டிரெசர் எங்கள் வீட்டுக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், கறுத்து உயர்ந்த மனிதர். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு அய்யாவைப் பார்த்துப் பேசினார்.

"டாக்டர் தொரை இப்பம் கண்டியில தேயிலைத் தோட்டத்து ஆசுபத்திரியில இருக்காவ. என்னய வரச் சொல்லி ஆள் விட்டாவ. கூடவே இந்த அம்மாவையும் கேட்டாவ. தோட்டத்துல அம்புட்டும் தமிழ்ச் சனம். பேறுகாலத்துக்குக் கை தெரிஞ்ச பொம்பள இல்லாம சாவுது."

"கூலிக்கா?" என்றார் அய்யா.

"கூலிக்கு இல்லய்யா. ஆசுபத்திரி உத்தியோகம். மாசம் பொறந்தா அவுக கையிலயே சம்பளம். இருக்க அறை, உடுத்த வெள்ளைச் சேலை."

அத்தை கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவுக கையிலயே என்று கேட்டதும் முறம் நின்றுவிட்டது.

டிரெசர் போன பிறகு அய்யா குரலை உயர்த்தினார். "தண்ணி வந்துருச்சு. கம்பு வெதச்ச காட்டுல நெல்லு வெளயப் போகுது. இனிமே மத்த ஊர்க்காரங்க இங்கன பொழைக்க வருவாக. இப்பப் போயிக் கப்பல் ஏறுறேங்கிற?"

"வயலு உனக்கு வெளயும்ணே. எனக்கு என்ன வெளயும்?"

"உனக்கு இங்கன என்ன கொற? சோறு இல்லையா, துணி இல்லையா?"

"இருக்கு. கேட்டு வாங்கிக்கிறேன்."

அய்யாவுக்கு அது உறைக்கவில்லை. "அந்த டிரெசரோட ஓடிட்டான்னு ஊரு பேசும்."

"அவரு பொண்டாட்டி பிள்ளைகளோட போறாருண்ணே."

"ஊரு அதையா பாக்கும்?"

ஊர் அதைப் பார்க்கவில்லை என்பது உண்மை. நீங்களும் கேட்டிருப்பீர்கள். என் கல்யாணப் பேச்சின்போதுகூட, "டிரெசரோட போனவளோட அண்ணன் மக" என்று ஒரு குடும்பம் பின்வாங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆண்கள் கோவில் வாசலில் நின்றுகொண்டார்கள். உபதேசியார் அத்தையைக் கூப்பிட்டார். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"நீ போயிட்டா எங்க பொம்பளைகளுக்கு யாரு தாயி இருக்கா?" என்றார் உபதேசியார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் கேட்டார்.

"போன தவக்காலத்துல இதே எடத்துல நின்னு கேட்டேன்யா. ஊருக்கு ரெண்டு பொண்ணு விடுங்க, பழக்கி விடுறேன்னேன். யாராச்சும் விட்டீகளா?"

பின்வரிசையில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார்: "தீட்டுத் தொழிலுக்கு எவன் மகள அனுப்புவான்?"

அத்தை குரல் வந்த பக்கம் திரும்பினாள். "உங்க வீட்டுப் பிள்ள பொறந்தப்ப அந்தத் தீட்டுல நாந்தான மாமா நின்னேன்?"

சாமியார் வெளியே வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் அண்ணன் மனைவி நிறைமாதமாக இருக்கிறாள். அவள் பிள்ளை பெறும் வரைக்குமாவது இரு" என்றார். நியாயமான பேச்சுத்தான். அத்தையும் தலையாட்டினாள். டிரெசருக்கு, இப்போது வரவில்லை என்று சொல்லி அனுப்பினாள். அவரிடமிருந்து பதில் வந்தது. கப்பலுக்கு ஆள் சேர்ந்துவிட்டது, வேலை காத்திருக்காது. அவர் குடும்பம் தேனிச் சந்தைக்கு முந்தின ராத்திரி அங்கே வண்டிப்பேட்டையில் தங்கி, மறுநாள் அம்மையநாயக்கனூரில் ரயிலேறித் தூத்துக்குடி போகிறது. மனம் மாறினால் அங்கே வரட்டும் என்றிருந்தார்.

அத்தை போகவில்லை என்றானதும் அன்றைக்கு அய்யா சேவல் அடிக்கச் சொன்னார். அத்தைதான் குழம்பு வைத்தாள். வாய்க்கு ருசியாக இருந்தது.

இந்தப் பேச்சு எதிலும் அம்மா வாய் திறக்கவில்லை. அவள் வயிற்றை வைத்துத்தான் எல்லாரும் பேசினார்கள். ஆனால் அவளை ஒருவரும் கேட்கவில்லை. சந்தைக்கு முந்தின நாள், "பிள்ளைக்குத் துணி எடுக்கணும், தேனிக்குப் போறேன்" என்றாள் அம்மா. இந்த வயிற்றோடு வண்டியில் போவதா என்று அய்யா சத்தம் போட்டார். "அதான் உங்க தங்கச்சி கூட வருதுல்ல" என்றாள். தங்கைதான் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாளே என்ற நம்பிக்கையில் சம்மதித்துவிட்டார்.

எதிர்வீட்டுப் பெரியவர் வண்டி பூட்டினார். அம்மா, அத்தை, நான். பாதையெல்லாம் வண்டித்தடம் பள்ளமாகக் கிடந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அத்தை அம்மாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஓரிடத்தில் ஆற்றங்கரையில் மாடு அவிழ்த்தோம். புதுத் தண்ணீர் கரையை அரித்துக்கொண்டு போனது. அத்தை காலை நனைத்துக்கொண்டு, "மேல நாங்க கட்டும்போது தண்ணி இம்புட்டுத் தூரம் வரும்னு நெனைக்கவே இல்ல மதினி" என்றாள்.

பொழுது சாய்ந்து தேனிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை வண்டிப்பேட்டையில் வைக்கோலும் சாணியும் மலையிலிருந்து இறங்கின ஏலக்காயும் கலந்து மணத்தன. டிரெசர் எதிரே மாடு பூட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி, சிறுபிள்ளையை இடுப்பில் வைத்தபடி, பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா எங்கள் வண்டியின் வைக்கோலுக்குள் கையை விட்டு அத்தையின் தகரப் பெட்டியை இழுத்து எடுத்தாள்.

அத்தை திகைத்துப் போனாள். "இது எப்படி மதினி இங்கன வந்துச்சு?"

"நாந்தான் வச்சேன். உன் சேலையெல்லாம் தொவச்சு மடிச்சிருக்கேன். கிளம்பு."

"வெளயாடாத. உனக்கு நாள் நெருங்கிருச்சு. நான் பாத்துட்டு அப்புறம்…"

"எனக்குப் பாத்துட்டுப் போவியா? நான் எந்திரிச்சு ஒக்காரங்குள்ள எதித்த வீட்டுக்காரிக்கு வலி வரும். அவளுக்குப் பாக்கங்குள்ள இன்னொருத்திக்கு நாளாகும். பொம்பளைக பெறாத நாளு நம்ம ஊருல எது தாயி? நீ எப்பத்தான் போவ?"

"உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆனா ஆகட்டும். நீ மலைக்குப் போறதுக்கு முந்தி ரெண்டக் குடுத்தேன். அப்ப எங்கன போனீகன்னு யாரையும் கேக்கல. உன்னைய மட்டும் என்னத்துக்குக் கேக்கணும்?"

அத்தை வண்டி நுகத்தடியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். அம்மா அவள் முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் அம்மா இத்தனை பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பெரியவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தள்ளிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். கத்திரிக்கோலையும் புட்டியையும் எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். கத்திரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும், நூலையும் போட வேண்டும், கொடியில் எந்த இடத்தில் கட்ட வேண்டும், சாம்பலைக் கிட்டவே கொண்டுவரக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொன்னதை அம்மாவைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். அம்மா ஜெபம் சொல்வது போல ஒப்பித்தாள்.

டிரெசர் மனைவி நகர்ந்து வண்டியில் இடம் கொடுத்தார். நான் அத்தையின் சேலையை விடவில்லை. அம்மாதான் என் விரல்களைப் பிரித்துவிட்டாள். வண்டி திரும்பும் வரைக்கும் அத்தை எங்கள் பக்கம் பார்க்கவே இல்லை. பாசமில்லாதவள் என்று அன்றைக்கு நினைத்தேன். பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

ஊர் திரும்பியதும் அய்யா வாசலிலேயே கேட்டார்: "எங்க அவ?"

"நாந்தான் ஏத்தி விட்டேன்" என்றாள் அம்மா.

அய்யா கையை ஓங்கினார். அம்மாவின் வயிற்றைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. கையில் இருந்த சாட்டைக்கம்பை முறித்துத் தெருவில் எறிந்துவிட்டு வயல் பக்கம் போனார்.

அம்மாவுக்கு வலி எடுத்தது அடுத்த வாரம், வெயில் ஏறின வேளையில். அத்தைக்கு முன் ஊரில் பிரசவம் பார்த்துவந்த பழைய மருத்துவச்சி வந்தார். அம்மா வலியோடு வலியாக, "கத்திரிக்கோல வேக வையி" என்று என்னை விரட்டினாள். ஈர விறகு. புகையில் கண் எரிய எரிய ஊதினேன். தண்ணீர் கொதித்தது. கத்திரிக்கோல் பானைக்குள் கடகடவென்று ஆடியது. ஆனால் வந்த பிள்ளையின் கழுத்தைக் கொடி சுற்றியிருந்தது. நாவற்பழ நிறத்தில் இருந்தது. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், முகத்தில் தண்ணீர் அடித்தார், மாதாவைக் கூப்பிட்டார். பிள்ளை அழவில்லை.

"என்ன பிள்ள?" என்று அம்மா கேட்டாள்.

"ஆம்பளப் பிள்ள ஆத்தா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வண்டியில் போன குலுக்கல்தான் காரணம் என்றது ஒரு தெரு. அத்தை இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றது இன்னொரு தெரு. "ரெண்டு பேருமாச் சேந்து எம் மகனக் கொன்னுட்டீக" என்றார் அய்யா. தீட்டுக் கழித்து எழுந்த கொஞ்ச நாளில் எதிர்வீட்டுக்காரிக்கு வலி வந்தது. அம்மா கத்திரிக்கோலையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனாள். பிள்ளையைப் பழைய மருத்துவச்சி வாங்கினார். கொடியை மட்டும் அம்மா அறுத்தாள். அதற்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் போனாள். அவளுக்குத் தெரிந்தது தேனி வண்டிப்பேட்டையில் கேட்டது மட்டும்தான். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று அவளே சொல்வாள். புட்டி மருந்து தீர்ந்த பிறகு வெறும் வெந்நீர்தான். அந்தக் காலத்தில் பிறந்து இதை வாசிக்கிற தம்பி தங்கைகளே, உங்களில் பலரின் தொப்புள்கொடியை அறுத்தது என் அம்மா.

அத்தை வெகுவருசம் கழித்து ஒரு முறை வந்தாள். அப்போது எனக்குக் கல்யாணமாகி, தலைப்பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தேன். அத்தைக்கு வெள்ளைச் சேலை, காலில் செருப்பு, கையில் குடை. ஊர்ப் பிள்ளைகள் ஊர்வலம் போல அவள் பின்னால் வந்தார்கள். அய்யா அவளைக் கண்டதும் மாட்டுக்கொட்டத்துக்குள் போய்விட்டார்.

பெண்கள் வந்து கூடத்தில் நிறைந்தார்கள். குசலம் விசாரித்த கையோடு ஒருத்தி, "ஊரான் பிள்ளைக்குப் பாக்கப் போன, ஒடம்பொறந்தான் பிள்ளை போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

"யாரு ஊரான்?" என்றாள் அத்தை. குரல் உயரவில்லை. "நான் அங்கன போயி மொதப் பிரசவம் பாத்தது சுருளிப்பட்டிக்காரிக்கு. அடுத்தது ஜெயமங்கலத்துக்காரி. லயம்னு நீளநீளமா வரிசை வீடு, அதுல குடியிருக்கிறதுல எத்தனையோ பேரு நம்ம பக்கத்துச் சனந்தான். பஞ்சத்துல இங்கன இருந்து போனவுக. உங்க வீட்டு மனுசியும் அங்கன இருப்பா, கேட்டுப் பாருங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி தன் தங்கையின் பெயரைச் சொன்னாள். தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு போனவள், உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது என்றாள்.

அத்தை யோசித்தாள். "நெத்தியில தழும்பு இருக்குமா?"

"அடுப்புல விழுந்த தழும்பு."

"இருக்கா ஆத்தா. நல்லா இருக்கா. அவ பேரப்பிள்ளைக எல்லாம் என் கையிலதான் பொறந்துச்சு."

கிழவி அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு யாரும் பழையதைப் பேசவில்லை. ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். மாட்டுக்கொட்டத்து வாசலில் அய்யா நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். உள்ளே வரவில்லை. ஆனால் அத்தை திரும்பிப் போகிற நாளில், வேறு வண்டி பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே மாடு பூட்டி அவளை ரயிலடிக்குக் கொண்டுபோய் விட்டார். வழியில் என்ன பேசினார்கள் என்று இருவருமே சொன்னதில்லை.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம். அம்மாவும் அத்தையும் புழக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நிலையோரம் இருந்தேன். அம்மா சோற்றை வட்டிலில் போட்டு அத்தை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"கொடி கழுத்தச் சுத்தியிருந்துச்சு தாயி. ரெண்டு சுத்து. நீ இருந்திருந்தா?"

அத்தை வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் கையிலயும் அப்படிப் போயிருக்கு மதினி."

"எல்லாமே போயிருச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாளா என்று நானே உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"எல்லாம் இல்ல" என்றாள் அத்தை.

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அவள் முகத்தில் நான் பயந்த எதுவும் தெரியவில்லை. இத்தனை வருசமாகச் சுமந்த கேள்வியை இறக்கி வைத்தவள் போல, முதுகைத் தூணில் சாய்த்தாள்.

"சரி. சோறு ஆறுது, சாப்பிடு" என்றாள்.

அத்தை சோற்றில் கை வைக்கவில்லை. கண்ணீர் வட்டிலில் விழுந்தது. அம்மா நகர்ந்து வந்து, அதே வட்டிலில் கையை வைத்துச் சோற்றைப் பிசைந்து, தானும் ஒரு வாய் எடுத்தாள். பிறகு அத்தையும் சாப்பிட்டாள்.